மணலில் குப்புறக் கிடந்தவள்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நம்பு.

கடற்கரைப் பறவைகளைப் படமெடுத்து, எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வதுதானே இங்கே என் வேலை. உள்ளான்களில் இரண்டு வகை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். கால் மஞ்சளா கறுப்பா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பாழாய்ப்போன காலிலும் எப்போதும் சேறு. எழுந்து நின்றால் பறந்துவிடும். அதனால் ஈர மணலில் குப்புறப் படுத்து, அது தண்ணீரில் இறங்கிச் சேறு கழுவப்படும்வரை அசையாமல் கிடப்பேன்.

போன வாரம் அப்படிக் கிடந்தபோது யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார். பறவை பறந்துவிட்டது. திட்டலாம் என்று திரும்பினால், நடக்க வந்த ஒரு பெரியவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"உயிரோடதான் இருக்கியாம்மா? பொணம் ஒதுங்கியிருக்குன்னு நெனச்சுட்டேன்!"

சிரித்துவிட்டேன். செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்று நீதானே சொல்வாய்? பயப்படாதே.

"வீட்டுல யாருக்காவது சொல்லணுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மணலில் தேய்ந்து என் சட்டைகளெல்லாம் முழங்கையில் கிழிந்துவிட்டன. தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

அலை இறங்குகிறது, கிளம்ப வேண்டும். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் என் தோளிலிருந்து கையை எடுக்கும்வரை நான் எழவில்லை. இங்கே வந்த பிறகு என்மேல் பட்ட முதல் கை அது.

உன் மகள்