எழுபத்தொரு விழுக்காடு ஆண்

ஜூன் 3
சேனலிலிருந்து ஓர் அட்டவணை வந்திருக்கிறது. நான் வசனம் எழுதும் தொடரின் நாயகி, பேயோட்டி, எழுபத்தொரு விழுக்காடு ஆணாம். முடிவெடுத்தால் ஆண். முடிவெடுத்துவிட்டு வருந்தினால் பெண். பேயின் கழுத்தைத் திருகினால் ஆண். திருகிவிட்டுக் கூந்தலை ஒதுக்கினால் பாதி கழித்துக்கொள்ளலாம். நூறாவது பகுதிக்குள் ஐம்பதுக்கு வராவிட்டால் அவளுடைய சக்தியைப் பறித்துக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள்.
"நாங்க சமத்துவத்துக்கு எதிரி இல்ல மேடம். அதான் கரெக்டா அம்பதுன்னு வச்சிருக்கோம்" என்றார் மேலாளர். சிரிக்கவில்லை.

ஜூன் 6
ஒளிபரப்பைப் பார்த்தேன். நான் எழுதியது: "உன் காலம் முடிஞ்சுது. வெளியே போ." பேயோட்டி சொன்னது: "கொஞ்சம் வெளியே போறீங்களா?"
பேய்க்கே கூச்சமாக இருந்திருக்கும். என் வசனத்தில் யாரோ கை வைக்கிறார்கள்.

ஜூன் 7
இயக்குநராகத்தான் இருக்கும். கேட்டேன். "அம்மா தாயே, உங்க பக்கத்தை நான் என்னைக்கு முழுசா படிச்சிருக்கேன்?" என்றார். நம்பும்படி இருந்தது.
நான் கையால் எழுதுவதைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வீட்டுக்காரர். அவர் சீரியல் பார்ப்பதில்லை. சந்தேகப் பட்டியலில் இல்லை.

ஜூன் 10
அப்படியானால் நடிகை. மேசைமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.
"அய்யோ அக்கா, எனக்கு வசனமே தெரியாது. ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணுவேன். கோபம்னா வேகமா எண்ணுவேன். குரல் குடுக்கிறவங்களைக் கேளுங்க."
பேயை மிரட்டும் காட்சியில் முப்பத்தேழு வரை போனாளாம்.

ஜூன் 11
குரல் கொடுப்பவர் முறைத்தார். "ஏம்மா, என்னையா சந்தேகப்படுற? இந்தா, நீ அனுப்பின தாள்."
அச்சிலேயே இருந்தது: "போறீங்களா?"
என் வீட்டிலிருந்தே அப்படித்தான் கிளம்பியிருக்கிறது.

ஜூன் 12
கேட்டேவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். (அட்டவணைப்படி எங்கள் வீட்டில் எண்பது விழுக்காடு ஆண் நான்தான்.) நாலாவது சட்டையில் வாய் திறந்தார்.
"அந்தப் பேய் பேசுறதெல்லாம் நான் உங்கிட்ட பேசினது."
"எது?"
"'உனக்கு என்ன தெரியும், பேசாம இரு.' 'நான் இல்லன்னா நீ யாரு?' வாரத்துக்கு அஞ்சு நாள், என் வார்த்தையை நானே டைப் பண்றேன். கடைசியில அவ என் கழுத்தைத் திருகுறா. அதையாவது கொஞ்சம் மரியாதையா செய்யட்டுமேன்னு..."
தெரியாமலா எழுதினேன்? தெரியும்னு ஒத்துக்கவும் முடியல, தெரியாதுன்னு சத்தியம் பண்ணவும் முடியல. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டியே, உன்னை நீ ஒரு வார்த்தை கேட்டியாடி?

ஜூன் 14
அறுபத்திரண்டுக்கு இறங்கிவிட்டதாம். மேலாளர் பாராட்டினார். எல்லாம் வீட்டுக்காரர் கைவண்ணம். இப்படியே விட்டால் பேயோட்டியின் சக்தி பிழைக்கும் — பேய்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டு.

ஜூன் 16
எழுதியதை எழுதியபடி தட்டச்சு செய்யச் சொன்னேன். செய்தார்.

ஜூலை 1
எழுபத்தாறு. நூறாவது பகுதி நெருங்கிவிட்டது, கல்யாணம் உறுதி. மாப்பிள்ளை யார் என்று மேலாளரிடம் கேட்டேன்.
"பேய்தான் மேடம். திருந்திருச்சு."
"எப்ப?"
"அதை நீங்கதான் எழுதணும்."

ஜூலை 4
எழுத வரவில்லை. பேயோட்டியின் பேச்சு முழுவதும் எழுதி, பேய் திருந்தும் இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தேன்.
வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார். "இந்த இடத்துல நான் ஏதாவது போடட்டுமா?"
"உங்க இஷ்டம்."
மத்தியானம் வரை விசைப்பலகைச் சத்தமே இல்லை. பிறகு மூன்று வரி. காரணம் ஒன்றும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டிருந்தது பேய்.
சந்தேகப்பட ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு முறை படித்தேன். கிடைக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.