விடை 154

1950 ஏப்ரல் 17, திங்கள்

காலையிலேயே அனல். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. விடிந்ததும் கொஞ்ச நேரம் வட்டத்தின் பை (π) கணக்கு. இன்னும் அறுபதாவது இலக்கத்திலேயே கிடக்கிறேன். பேப்பரில் செய்தி: அமெரிக்காவில் ஒரு இயந்திரம் மூன்றே நாளில் இரண்டாயிரம் இலக்கம் போட்டுவிட்டதாம். போடட்டும். அடுத்த எண் விழும்போது அதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமா? எல்லா வட்டத்துக்குள்ளும் இருக்கிறது, எவனுக்கும் முழுசாக அகப்படாது.

எட்டாம் வகுப்பு ரிசல்ட். என் பிள்ளைகளில் ஏழு பேர் கணக்கில் பெயில். வட்டக் கணக்கெல்லாம் சைபர். ஆரம் 7, பரப்பு என்ன? 22/7 வைத்து அச்சடித்த விடை 154. இவர்கள் எழுதியது 153.94. இதுதான் சரி. 22/7 சோம்பேறிகளின் எண், எழுதினால் பிரம்படி என்று வருஷம் முழுக்கச் சொன்னவன் நான்.

திருத்தியவன் தலைமையாசிரியன் சிதம்பரம். பாளையங்கோட்டைக் காலேஜில் என் தாளை எட்டிப் பார்த்துப் பாஸானவன். மாமனார் தயவில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"உம்ம ஒருத்தருக்காக வட்டத்தையே மாத்தவா வே?" சிரிப்பு வேறு.

கரும்பலகைக் காம்பஸ் என் கையில். அதன் இரும்பு முனை அவன் தொண்டைக்குழிக்கு அளவாக இருக்கும்.

18, செவ்வாய்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், புளி, வீட்டுக்காரி கோமதிக்குத் தலைவலித் தைலம்.

மத்தியானச் சாப்பாட்டில் பாதி. வாசலில் கருப்பசாமி. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பருத்தி போடுகிறவர். பெயிலான பேச்சியம்மாளின் அப்பா. கையில் அரிவாள். கோமதி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வெளிய வாரும் வாத்தியாரே! பாஸானா டீச்சர் ட்ரெயினிங், பெயிலானா வைகாசில என் மச்சினனுக்குக் கட்டிக் குடுக்குதேன்னு வாக்கு சொல்லிட்டேன். அவ என்னடான்னா, நான் எழுதினதுதான் சரின்னு எதுத்து நிக்கா. கம்பை வீசிட்டேன். இடது கை ஒடிஞ்சு போச்சு."

சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போய் இரண்டு விடையையும் சொன்னேன்.

"எம்புட்டு வித்தியாசம்?"

"ஒன்றை நூறாக வெட்டினால் ஆறு துண்டு. அதற்கு மேல் ஒரு பொடி."

"இந்த ஒண்ணுமில்லாததுக்கா எம் மவ கையை ஒடிச்சேன்?"

அரிவாளைத் திருப்பி, பிடியால் என் வாயில் ஒரு இடி. முன்பல் ஒன்று சோற்றில் விழுந்தது. அப்போதும் நினைத்தேன்: ஒண்ணுமில்லாதது இல்லை. முடிவில்லாதது முழுக்க அந்த ஆறு துண்டுக்குள்தான் இருக்கிறது.

19, புதன்

உதடு வீங்கி இட்லி இறங்கவில்லை. சிதம்பரத்திடம் போனேன். ஏழு பேருக்கும் மறுதேர்வு வைக்கச் சம்மதம். ஒரே நிபந்தனை. 22/7 என்று நான் என் கையால் கரும்பலகையில் எழுத வேண்டும்.

"பெருசா எழுதும் வே. பின்னால நின்னு பாக்குதேன்."

சரி என்றேன். வாய்க்குள் ரத்தம் கரித்தது.

வீட்டுக்கு வந்து செம்பைச் சுவரில் எறிந்தேன். "என் தலையில எறிய வேண்டியதுதான?" என்றாள் கோமதி. எறிந்திருப்பேன்.

20, வியாழன்

மேகம். மழை இல்லை. மறுதேர்வு.

எழுதினேன். சாக்கட்டி இரண்டு தடவை ஒடிந்தது. ஆறு பேர் 154 போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டார்கள். பேச்சிக்கு இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. அவள் தாளில் 153.94.

"154ன்னு எழுது."

"அது தப்பு சார். நீங்கதான சொன்னிய."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கருப்பசாமி. பின்பெஞ்சில் சிதம்பரம். "என்ன வே, பொட்டப்புள்ளகூட உம்ம பேச்சைக் கேக்கலியா?"

"எழுதுட்டி."

"மாட்டேன் சார்."

இத்தனை வருஷத்தில் இந்த எண்ணைப் பற்றி நான் சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே ஆள்.

அறைந்தேன். நாலு விரலும் பதிய. மூக்கு ரத்தம் தாளில் சொட்டியது. புறங்கையால் துடைத்துவிட்டு, 153.94-ஐ அடித்து, 154 எழுதினாள். பாஸ். வைகாசிக் கல்யாணம் இல்லை.

தாளை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சரியா சார்?"

சரி என்றேன்.