வேளச்சேரி வரைக்கும்

சென்னை
18.09.2006

அன்புள்ள மாரித்தாய்க்கு,

நான் இங்கே சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பக்கத்து வீட்டுப் போனில் நாம் பேசினால் அந்த வீடே காது கொடுக்கிறது. அதனால் மனசில் உள்ளதை இதில் எழுதுகிறேன்.

பறக்கும் ரயில் இப்போது திருவான்மியூர் வரை ஓடுகிறது. அங்கிருந்து வேளச்சேரிக்குத் தூண் எழும்பிவிட்டது. கடைசி ஸ்டேஷனில்தான் நான் கம்பி கட்டுகிறேன். மேலே நின்றால் சதுப்பு நிலமும் கொக்குகளும். வெயில் சாய்ந்தால் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியாது. மத்தியான ரயிலில் ஒரு பெட்டிக்கு நாலைந்து பேர்தான். மொட்டை மாடிகளுக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போகும். ஒரு மாடியில் வடகம் காயும், அடுத்ததில் பள்ளிக்கூடச் சட்டை. ஜன்னலோரம் உனக்கு ஒரு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். கிறுக்கன் என்று சிரிப்பாய், சிரி.

ரயில் வேளச்சேரிக்கு வந்ததும் அங்கே ஒரு அறை எடுத்து உன்னைக் கூட்டி வந்துவிடுவேன். ஆறு வருஷமாக நீ அங்கே, நான் இங்கே என்று இருந்தது போதும். தீபாவளி முடிந்து உங்கள் பட்டாசுக் கம்பெனி அடைத்ததும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன்
வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
06.11.2006

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாலு நாள் இருப்பதாகச் சொன்னவள் மறுநாளே ஏன் கிளம்பினாள் என்று போனில் கேட்டீர்கள். ஊர் கேட்க அதைச் சொல்ல முடியவில்லை.

திருமயிலையில் உங்களோடு ரயில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பதினோரு வருஷமாக வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போனதில்லை. தீப்பிடிக்க ஒரு உரசல் போதுமே! வாசலைக் கண்டால் கால் தானாகக் கழற்றிவிடும். ரயில் நகர்ந்த பிறகு பார்க்கிறேன், செருப்பு இரண்டும் பிளாட்பாரத்தில் ஒழுங்காக நிற்கின்றன. பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

அப்போது உங்கள் சூப்பர்வைசர் சீனிவாசகம் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார். "ஏலே தொர, இவுக ஒன்கூட வந்தவுகளா?"

நீங்கள் என் வெறுங்காலைப் பார்த்தீர்கள். மருந்தேறிய என் விரல்களைப் பார்த்தீர்கள். "இல்லண்ணே, யாரோ" என்றீர்கள்.

அடையாற்றுக்கு மேலே ரயில் போனது. நீங்கள் எழுதியதைவிட அழகாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோவாகவே உட்கார்ந்து வந்தேன். புதுச் செருப்பு வாங்கித் தந்தீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன வாங்கித் தருவீர்கள்?

மாரித்தாய்


சென்னை
15.11.2006

அன்புள்ள மாரிக்கு,

அடித்துவிடு, பரவாயில்லை. இப்படி எழுதாதே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வீட்டுக்காரி சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய், ஆறு வருஷமாக வளர்ந்துவிட்டது. உன்னைக் கண்டு நான் வெட்கப்படவில்லை. "பொண்டாட்டிய மருந்துல உக்கார வச்சிட்டு நீ இங்கன என்னலே செய்யுற?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
27.11.2006

மாமாவுக்கு,

நல்லது. வேளச்சேரி அறையில் அந்தக் காலண்டர் கம்பெனிக்காரியையே குடிவையுங்கள். கையும் சுத்தமாக இருக்கும்.

நேற்று ஒரு கனவு. உங்கள் தூண்கள் ஒவ்வொன்றாக நடந்து வந்து வெம்பக்கோட்டை அணைத் தண்ணீருக்குள் நின்றன. மேலே ரயில் வந்தது. எல்லா ஜன்னலும் காலி. எனக்காக நிற்குமென்று கையைக்கூட அசைத்தேன். நிற்காமல் போய்விட்டது.

நான் யார் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருகிற அன்றைக்கு எழுதுங்கள். அதுவரை கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு
யாரோ


சென்னை
20.11.2007

அன்புள்ள மாரிக்கு,

பொங்கலுக்கு வந்தேன், தீபாவளிக்கும் வந்தேன். சோறு போட்டாய், முகம் பார்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன்.

நேற்று வேளச்சேரிக்கு முதல் ரயில் ஓடியது. கம்பி கட்டிய நாங்களும் ஏறினோம். சதுப்புத் தண்ணீர்மேல் எங்கள் பெட்டியின் நிழல் கூடவே வந்தது. சீனிவாசகம் அண்ணன் என் தோளில் தட்டி, "இனி என்னலே, ஒன் வீட்டுக்காரியக் கூட்டியாந்திர வேண்டியதுதான" என்றார்.

சொல்லிவிட்டேன். "அண்ணே, போன வருசம் வெறுங்காலோட ஏறுனாளே, அவதான் எம் பொண்டாட்டி. காலண்டர் கம்பெனி எல்லாம் பொய். விஸ்வநத்தத்துல பூச்சட்டிக்கு மருந்து செலுத்துறா."

பெருங்குடி தாண்டும் வரை அவர் சதுப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ இல்லன்னு சொன்ன பொறவு அந்தப் புள்ள ஒன் மூஞ்சியப் பாக்கவே இல்லலே. நான் அன்னைக்கே நெனச்சேன்."

எல்லோர் முன்னாலும் அழுதேன். அறை பார்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரிகிறது. வருவாயா?

வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
26.11.2007

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை நானும் அழுதேன்.

சொல்லிவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் இல்லை என்று சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆமாம் என்று சொன்னபோது நான் இல்லை. எனக்கு அது போதாது.

வெள்ளிக்கிழமை சிவகாசியில் பொதிகை ஏறுகிறேன். கம்பெனி இன்னும் திறக்கவில்லை. திறந்தால் போவதா, வேண்டாமா என்பது சனிக்கிழமை தெரிந்துவிடும். அன்றைக்கு அந்த அண்ணனையும் ரயிலுக்கு வரச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.

நான் வாயே திறக்க மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மாரித்தாய்