லிஃப்ட்டில் கொட்டிய மோர்

அக்கா,

இன்று காலை கிளினிக் வாசலில் இருக்கும் பதிவு இயந்திரம் என்னைப் பார்த்து, "மன்னிக்கவும், உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டது. கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நோயாளி வந்து நிற்கிற இடத்தில் இப்படியா எழுதி வைப்பார்கள்? மறுபடி முதலிலிருந்து எண்ணைத் தட்டினேன். மறுபடி நேரம் முடிந்தது. அடுத்த தடவை அது வீல் என்று ஒரு சத்தம் போட, வரிசையில் நின்ற எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தச் சத்தம்தான் உங்களை ஞாபகப்படுத்தியது.

என் மகளுக்கு இந்த மாதிரித் திரைகளை வடிவமைப்பதுதான் வேலை. நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அவள் அதில் சேர்ந்தாள். யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்று அதற்குப் பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கிறது, அதுவும் வெள்ளையில் சாம்பல் நிறம். பொத்தானில் ஒரு வார்த்தை கிடையாது, மூன்று கோடு போட்டிருந்தால் அதுதான் மெனுவாம். உதவி என்று அழுத்தினால் ஒரு ரோபோ வந்து பேசுகிறது, பேசிவிட்டு, நான் ரோபோ இல்லை என்று என்னை நிரூபிக்கச் சொல்கிறது. மகளைக் கேட்டால், "செக்யூரிட்டிக்கு லா அம்மா" என்கிறாள். வருகிறவனை எல்லாம் திருடன் என்று நினைத்தே கட்டிவிடுகிறார்கள். ஒழுங்கானவன் மாட்டிக்கொண்டு முழித்தால் அது யாருடைய கவலையும் இல்லை.

நம் அடுக்குமாடி பிளாக் லிஃப்ட்டில் அந்தக் கருவியைப் பொருத்தியது நினைவிருக்கிறதா? எண்பதுகளின் கடைசி. யாரோ லிஃப்ட்டில் சிறுநீர் கழிக்கிறார்கள் என்று புகார் மேல் புகார். நாற்றம் நிஜம்தான், நாமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறினோம். அதற்காக, தரையில் உப்பு ஈரம் பட்டால் மணி அலறும், லிஃப்ட் நின்றுவிடும், கதவு பூட்டிக்கொள்ளும். ஆள் வந்து திறக்கும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். எல்லாரும் நல்ல ஐடியா என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்த நீங்கள் மட்டும்தான், அடக்க முடியாத சின்னப் பிள்ளையையும் இப்படித்தான் பிடித்துக் கொடுப்பார்களா என்று கேட்டீர்கள்.

பிள்ளை மாட்டவில்லை. என் அப்பா மாட்டினார்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் கீழே இறங்க மாட்டார். சர்க்கரை வியாதி வந்த பிறகு அவரால் சிறுநீரை அடக்க முடியவில்லை. அதை வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வெளியே போகிற நாளில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார். எனக்கே அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து நானும் அப்பாவும் வந்தோம். இரண்டு லிஃப்ட்டில் ஒன்று வழக்கம்போல ரிப்பேர், இன்னொன்று வருகிற வழியாக இல்லை. அப்பா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். தேக்கா வட்டாரக் கோயிலின் தண்ணீர்ப் பந்தலில் மிஞ்சிய நீர்மோரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நீங்களும் வந்து சேர்ந்தீர்கள். மூவரும் ஏறினோம். பாதி வழியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு தரையைப் பார்த்தேன். மணி அலறியது. லிஃப்ட் நின்றது.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். கதவு திறந்தால் பிளாக்கே வாசலில் நிற்கும். அதற்குப் பிறகு இந்த மனிதர் சர்ச்சுக்கு என்ன, காப்பிக் கடைக்குக்கூடப் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாளியின் மூடியைத் திறந்தீர்கள். அப்பாவின் இடுப்பிலிருந்து கீழே மொத்த மோரையும் கவிழ்த்தீர்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் அவர் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டன.

"சாரி அங்கிள், கை தவறிடுச்சு" என்றீர்கள்.

"பரவாயில்லம்மா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

ஆள் வரும்வரை, பந்தலில் மோர் கலக்கியவருக்கு உப்பு அளவே தெரியவில்லை என்று ஏதோ சமையல் கதை பேசிக்கொண்டே இருந்தீர்கள். கதவு திறந்ததும் முன்னால் போய் நின்று, வந்தவரை ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள். மோருக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாத மெஷினை எந்தப் புத்திசாலி வாங்கினான் என்று கேட்டீர்கள். பாவம், அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பெருங்காய வாடை அடித்திருக்க வேண்டும், பேசாமல் போய்விட்டார்.

அதன் பிறகு உங்களுக்கு வந்த பெயர்! மோர் அக்கா என்று சிரித்தவர்களைக்கூட விட்டுவிடலாம். மோராவது மண்ணாவது, அவள்தான் லிஃப்ட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள் என்று மேல்மாடியில் வம்பு பேசினார்கள். உங்களைக் கண்டதும் அடுத்த லிஃப்ட்டுக்கு நின்றுகொண்டவர்களை என் கண்ணாலேயே பார்த்தேன். அது உங்களுக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. அப்பா அடுத்த ஞாயிறும் கஞ்சி போட்ட சட்டையோடு போய் வாசகம் வாசித்தார். பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குக் கை தவறவே இல்லம்மா."

தாத்தா மேல் மோர் கொட்டியது என் மகளுக்கு ஒரு சிரிப்புக் கதை. இன்று மாலைதான் நடந்ததை நடந்தபடி அவளிடம் சொன்னேன். கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ மெஷின் கரெக்டாதானே அம்மா வேலை செஞ்சிருக்கு?" என்றாள்.

என் ஆத்திரமே அதுதான், அக்கா. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

"கரெக்டாதான் செஞ்சுச்சு" என்றேன். "அக்காதான் பொய் சொன்னாங்க. அந்தப் பொய்யாலதான் உன் தாத்தா மறுபடி வெளிய தலை காட்டினாரு."

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர் பார்க்க ஓர் இயந்திரம் யாரையாவது காட்டிக்கொடுக்கும்போதெல்லாம், கூட்டத்தில் நான் உங்களைத்தான் தேடுகிறேன்.