பிஞ்சைச் சுட்டிய விரல்

அக்கா,

கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த சாரல் மழை விட்ட இன்று காலையில், வேலிப் பூசணியில் ஒரு பிஞ்சு கண்ணில் பட்டது. விரலை மடக்கிக்கொண்டுதான் பார்த்தேன். பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகிவிடும் என்பார்களே, அந்தப் பழியைச் சுமந்த கை இது.

சங்கராபுரம் சந்தைக்கென்று என் ஓரகத்தி வளர்த்த பிஞ்சுகள் கறுத்துப்போன அன்று தெருவே கேட்கக் கத்தினாள்: "இவதான் கைய நீட்டிக்கினு நின்னா! இவ கண்ணு பட்டுத்தான் பூட்ச்சி!" அதன்பிறகு கல்யாண வீட்டுக்குக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் செத்தும் நான் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி நீ ஒருத்திதான் எனக்காக நின்றாய். அதே கொடியில் அடுத்து வந்த பிஞ்சுகளை, யார் கண்ணும் படாமல் உன் பழைய சேலையால் மூடினாய். சில நாள் கழித்துப் பிரித்தால் அவையும் கறுப்பு. "இப்ப யார் கண்ணுடி பட்ச்சி? என் சேலைக்குக் கண்ணு கீதா?" என்றாய். ஓரகத்தி விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ கண்ணை மூடிய பிறகு வளர்ந்தவள் என் பேத்தி செல்வி. சென்னையில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறாள். மணலைவிடச் சின்ன பேட்டரியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்து, மின்சாரம் ஏற ஏறவே பார்க்கிறாள். உள்ளே லித்தியம் ஊசி ஊசியாக முளைக்கிறதாம். அது குத்தித்தான் பேட்டரி சாகிறதாம்.

அவளுடைய சார் நம்பவில்லை. பார்ப்பதற்காக அவள் பாய்ச்சும் எலக்ட்ரான்தான் ஊசியை முளைக்க வைத்தது என்றார்.

"நான் பாத்ததாலதான் கெட்டுச்சின்றாரு ஆயா. இத்தன வருஷ வேலயும் வீணு" என்று போனில் அழுதாள். அதே பழி!

நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை அக்கா. எனக்கு என்ன தெரியும்? அவளே அதேபோல் இன்னொரு பேட்டரி செய்து, எலக்ட்ரானை நிறுத்திவிட்டு, மின்சாரத்தை மட்டும் ஏற்றினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தாள். அதே ஊசிகள். சார் நேற்று ஒப்புக்கொண்டார்.

"ஆயா, ஜெயிச்சிட்டேன்!"

"சேலைய போட்டு மூடினியாடி?"

"இன்னா ஆயா ஒளர்ற?"

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன்.

இப்போது வேலிக்குப் போகிறேன். ஓரகத்தி மகன் வாசலில்தான் நிற்கிறான். அவன் பார்க்க விரலை நீட்டி அந்தப் பிஞ்சைச் சுட்டப்போகிறேன். வாய் திறக்கட்டும்! மூடிக் காட்ட உன் சேலைத் துண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.