மச்சான், முருகேசனின் படகு மோட்டார் ஓடிவிட்டது

அன்பு மச்சானுக்கு,

உங்கள் நூரின் ஸலாம். நீங்கள் இருக்கும் இடம் வெளிச்சமாகவும் விசாலமாகவும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். விசாலம் என்கிற சொல் இப்போதெல்லாம் வாயில் தானாக வருகிறது.

இத்தா இருக்கிறேன். கணவனை மண்ணுக்குக் கொடுத்தவள் சில மாதம் வீட்டோடு இருப்பது நம் முறை. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. முதலில் இந்த உள்ளறைதான் என்னைத் தாங்கியது. யாருக்கும் முகம் காட்ட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் போகப்போக சுவர்கள் கிட்டே வருகின்றன மச்சான். ஜன்னலில் மலையின் ஒரு துண்டு தெரிகிறது, அதற்குக் குறுக்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நீங்கள் இருந்தபோதும் இந்த அறை இவ்வளவு சின்னதாகத்தான் இருந்ததா?

நம் மகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் போன் செய்கிறாள். "மாடியில உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சி வெச்சிட்டேம்மா" என்கிறாள். உங்கள் தம்பி சலீம், வேங்கிக்காலில் கட்டுகிற புது வீட்டில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஓர் அறை என்கிறார். வீட்டின் முன்பக்கம் இருக்கிற உங்கள் பட்டறையை செல்போன் கடைக்காரருக்கு வாடகைக்கு விடப் பேசியாகிவிட்டது. ஆளாளுக்கு எனக்கு ஓர் அறை வைத்திருக்கிறார்கள். எல்லாம் பிரியத்தில்தான். கோபத்தில் அடைத்தால் கதவைத் தட்டிக் கத்தலாம். பிரியத்தில் அடைத்தால் என்ன செய்வது?

பட்டறை என்றதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் எங்களை விட்டுப் போன வாரத்திலேயே உங்கள் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவில் கூரியர் பையன் நின்று, "காதர் பாய் இருக்காரா?" என்றான். உங்கள் அம்மா, மாமிதான் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இரவல் துணி போல அதை மூலையில் வைத்துவிட்டோம். பிரிக்காமலே எனக்குத் தெரியும், உள்ளே இருந்தது முருகேசனின் படகு மோட்டாருக்கு நீங்கள் சொல்லி வைத்த இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம்.

அணையில் மீன் பிடிக்கும் முருகேசனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய மோட்டார், பழைய படகு. "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குய்யா" என்று ஒவ்வொரு தடவையும் திட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் சரிசெய்து கொடுப்பீர்கள். இந்தத் தடவை மோட்டாரில் தண்ணீருக்குள் நிற்கும் காலைக் கழற்றி, போல்டுகளை டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு, மேலே ஒரு துணியை மூடினீர்கள். மறுநாள் காலையில் உங்கள் மேல் துணி மூடினோம்.

மழை தொடர்ந்து பெய்து அணை நிரம்பிய வாரத்தில், ஒரு பௌர்ணமி காலையில், முருகேசன் வந்தார். சட்டையெல்லாம் சேறு. நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். பட்டறையில் சலீமிடம் அவர் பேசியது அப்படியே கேட்டது.

"தம்பி, தரைப்பாலம் முழுகிடுச்சி. மீன் போட இந்தப் பக்கம் வந்தவன் இங்கயே மாட்டிக்கினேன். அந்தாண்ட வீட்ல என் சம்சாரம் வழுக்கி உழுந்து கால் ஒடிஞ்சி கெடக்குது. எலும்பு தோல கிழிச்சிட்டு வெளிய தெரியுதுன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல அழுவுது."

"பரிசல் இருக்குமே?"

"இழுப்பு ஜாஸ்தியா இருக்குது. சுத்துது. ரெண்டு பேர் போய்ப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. மீட்புக்காரங்க வேற ஊர்ல நிக்கறாங்க, வரோம்னு சொல்றாங்க, எப்பன்னு தெரியல. என் படகு இந்தக் கரையிலதான் கட்டியிருக்குது. மோட்டார மட்டும் குடுத்துடுங்க."

"பிரிச்சுப் போட்டது பிரிச்ச மாதிரியே கெடக்குதே அண்ணே. அண்ணன் போயிட்டாரே."

"வேற யாராவது மெக்கானிக்?"

"இதுக்கு மெட்ராஸ்லருந்துதான் ஆள் வரணும். இன்னைக்கு கிரிவலக் கூட்டம் வேற, ஊருக்குள்ள வண்டிய விட மாட்டாங்க."

பிறகு பெரிய ஆண் ஒருவர் அழுகையை அடக்கும் சத்தம் மட்டும் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம்.

மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். சர்க்கரை ஏறி உங்கள் விரல்கள் மரத்துப்போன பிறகு, சின்ன வேலை எதையும் உங்களால் பிடிக்க முடியவில்லை. திருகாணி விழுந்தாலும் விழுந்தது உங்களுக்குத் தெரியாது. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "நூரு, கொஞ்சம் வா" என்பீர்கள். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வீர்கள், நான் செய்வேன். "வெளிய சொல்லிடாதே" என்றீர்கள். காசிமேட்டில் வேலை கற்ற காதர் பாயின் கை போய்விட்டது என்று ஊர் பேசுவதை உங்களால் தாங்க முடியாது. உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

இப்போது அந்த வாக்கு என் வாயைப் பிடித்திருந்தது. சொன்னால் நீங்கள் மறைத்தது போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் அங்கே கிடப்பாள். திரைத் துணியைப் பிடித்தபடி நின்றேன். ஓர் ஆள் கொள்ளாத இடத்தில் நிற்கிற மாதிரி மூச்சு முட்டியது. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"தம்பி, மோட்டார உள்ள கொண்டாங்க" என்றேன்.

சலீம் திரைக்கு அந்தப் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "அண்ணி, நீங்க சும்மா இருங்க. இதைப்பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"தெரியும். உங்க அண்ணனுக்குக் கை மரத்துப்போனதுலருந்து இந்த மாதிரி வேலையெல்லாம் நான்தான் செஞ்சேன். அவர் சொல்வார், நான் பண்ணுவேன்."

சலீம், "இத்தாவுல இருக்கறவங்க... யாராவது எதனா சொன்னா?" என்றார்.

கட்டிலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார். "இத்தா வீட்டுக்குள்ள இருன்னுதானே சொல்லுது? அவ வீட்டுக்குள்ளதானே இருக்கா? போய் எடுத்துட்டு வாடா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என் பையனுக்குக் கை மரத்துப்போச்சா? என்கிட்ட சொல்லலியே" என்றார். அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை மச்சான்.

பின்கட்டு முற்றத்தில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தேன். ஊருக்கே கேட்கும் சிவ நாமம், ஒலிபெருக்கி, விசில் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். சலீம் மோட்டாரின் காலைப் பிடித்துக்கொண்டார். தண்டின் மேல் இருந்த பம்ப் மூடியின் நான்கு போல்டுகளில் மூன்று வந்தன, ஒன்று துரு பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, நீங்கள் சொல்வது போலவே ஒரு தட்டு தட்டிக் காத்திருந்தேன். காத்திருக்கும்போது முன்பக்கம் முருகேசனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மூடியைத் தூக்கினால் உள்ளே அந்த ரப்பர் சக்கரம், முடிந்துபோன ஆயுசு. இதழ்கள் எல்லாம் ஒரு பக்கமாக மடிந்து விறைத்து, இரண்டு இதழ் அறுந்தே போயிருந்தன. இந்தச் சின்னச் சக்கரம்தான் அணைத் தண்ணீரை உறிஞ்சி மோட்டாருக்குள் அனுப்பிச் சூட்டைத் தணிக்கிறது. இது நின்றால் மோட்டார் நடுத்தண்ணீரில் சூடேறி இறுகிவிடும். அறுந்த இதழில் ஒன்று மூடிக்குள்ளேயே கிடைத்தது. இன்னொன்று எப்போதோ வெளியே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவசரம்.

பார்சலிலிருந்த புதுச் சக்கரத்துக்கு கிரீஸ் தடவி, அதைத் தண்டோடு பிடித்துவைக்கும் அரைநிலாத் துண்டை வைத்து, தண்டை வலப்பக்கம் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்தினேன். இதழ்கள் சரியான பக்கம் மடிந்து உள்ளே போயின. புது பேக்கிங், போல்டு எல்லாம் போட்டேன். காலை மோட்டாரோடு சேர்க்கும்போது சலீம் அவசரப்பட்டு ஆட்டினார். "அசைக்காதீங்க தம்பி, தண்டோட பல்லு கூடட்டும்" என்றேன். கூடியது. துணி துவைக்கிற டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டி, சலீம் கயிற்றை இழுத்தார்.

ஓடியது. ஆனால் உறிஞ்சிய தண்ணீரை வெளியே துப்ப வேண்டிய பின்பக்கத் துளையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். புகை முற்றத்தில் நின்றது. மாமி துஆவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். சலீம், "முடியலன்னு சொல்லிடலாமா அண்ணி?" என்றார்.

மச்சான், அந்த நேரத்தில் உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல வேண்டியவர் எங்கே போனீர்கள்? மூன்று பக்கம் சுவர், நாலாம் பக்கம் திரை. திரைக்கு அப்பால் ஒருவர் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடினால் உங்கள் குரல் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டு இதழ் அறுந்தது, ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்று வெளியே போயிருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

மறுபடி எல்லாம் கழற்றினேன். பம்பிலிருந்து மேலே தண்ணீர் ஏறும் செப்புக் குழாயில் சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குடைந்தேன். முதலில் கறுப்புச் சேறு வந்தது. அடுத்து ரப்பர் துண்டு, நகத்தளவுதான், முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி சுருண்டு விழுந்தது.

இந்த முறை சலீம் கயிற்றை இழுத்ததும் இருமியது, உறுமியது, பிறகு துளையிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சிச் சுவரில் அடித்தது. சலீம் அதில் கையை நீட்டி வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். முன்பக்கமிருந்து முருகேசன், "ஓடுதா? ஓடுதா அக்கா?" என்று கத்தினார்.

முருகேசன் வந்த மினி வேன் ஊருக்கு வெளியே நின்றதால், பக்கத்துத் தெருத் தள்ளுவண்டியில் மோட்டாரை ஏற்றி இரண்டு பேரும் கிரிவலக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். "சாமி, வழி விடுங்க, ஆஸ்பத்திரி கேஸு" என்று சலீம் கூவியது தெரு முனை வரை கேட்டது.

அவர்கள் போய்விட்டார்கள். நான் எங்கே போவேன்? அன்று பகல் முழுக்க நான் பட்டது அதற்கு முன் பட்டதில்லை. நான் பொருத்திய சக்கரம். அது நடுவில் நின்றால் இழுப்பில் படகு என்னவாகும்? சலீமும் படகில் ஏறிவிட்டதாக ஒரு வரி மெசேஜ் வந்தது, அப்புறம் போன் எடுக்கவில்லை. அறையில் நடந்தேன். முற்றத்தில் நடந்தேன். அதற்கு மேல் நடக்க இடமில்லை. மாமி கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, என் விரல்களில் ஒட்டியிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தது போதும் என்று நானும் சொல்லவில்லை.

அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லி முடித்த பிறகு சலீம் பேசினார். "கொண்டாந்துட்டோம் அண்ணி. பெரியாஸ்பத்திரியில சேத்தாச்சு. போறப்பவும் வர்றப்பவும் நான் எதையும் பாக்கல, அந்தத் துளையிலருந்து வர்ற தண்ணியத்தான் பாத்துக்கினே வந்தேன்." பிறகு, "அண்ணன் என்கிட்டகூட சொல்லலியே" என்றார்.

சொல்லவில்லைதான். நான் சொல்லிவிட்டேன். ஊரில் யாரும் உங்களைக் குறைவாகப் பேசவில்லை மச்சான். அப்படிப் பேசினாலும் இனி என்ன?

செல்போன் கடைக்காரருக்கு சலீம் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் போன வாரம் அடி அண்ணாமலைக்காரர் ஒருவரின் மருந்தடிக்கும் மோட்டாரைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். மகள் மட்டும் அறையை ஒழித்துத்தான் வைத்திருக்கிறாள். அவளிடம் இன்னும் பேச வேண்டும். இத்தா முடிய நாள் இருக்கிறது, சுவர்கள் அங்கேயேதான் நிற்கின்றன.

நேற்று முருகேசனின் மனைவி செல்வி, காலில் கம்பியும் கட்டுமாக, ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்தாள். பெண்பிள்ளை, உள்ளறைக்கே வந்துவிட்டாள். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கை அக்கா செஞ்சது? காட்டுங்க."

இரண்டையும் நீட்டினேன். பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப எங்க பக்கம் வரீங்க?" என்றாள்.

"படகுலயா? நான் படகுல ஏறினதே இல்லம்மா. இந்த மோட்டாருங்க டிரம்முல ஓடித்தான் பாத்திருக்கேன்."

அவள் நம்பவில்லை. "நெசமாவா? தண்ணியில ஓடி ஒரு தடவகூட பாத்ததில்லியா?"

இல்லைதானே மச்சான்? எத்தனை மோட்டார் இந்த முற்றத்திலிருந்து போயிருக்கும். ஒன்றின் பின்னாலாவது நான் போயிருக்கிறேனா? நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றுதான் இரவிலிருந்து யோசிக்கிறேன்.

இத்தா முடிந்ததும் பர்தாவை மாட்டிக்கொண்டு, மாமியையும் கூட்டிக்கொண்டு அணைக்குப் போவேன். முருகேசன் கயிற்றை இழுக்கட்டும். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கரை கண்ணுக்குச் சின்னதாகிற வரை உட்கார்ந்திருப்பேன். பயந்தாலும் இறங்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மாமன் மகள்,
நூர்ஜஹான்