மணி கேட்டால் கதவைப் பூட்டும் சனம்

லாசால், மொன்றியல்
ஐப்பசி 2009

அன்பு மகள் சுதாஜினிக்கு,

பெற்றவன் அண்ணன், வளர்த்தவன் நான் என்ற உரிமையில் மூன்றாம் மாடிச் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பன் எழுதுவது. நானும் மகாராணி சிவநேசம் சித்தியும் ஹீற்றரின் கருணையால் சுகம், மட்டக்களப்பில் நீ மாமாங்கப் பிள்ளையாரின் கருணையால் சுகமாயிருக்க வேண்டும். இங்கே முதற்பனி விழுகிறது, ஒவ்வொரு செதிலும் அப்பளம் அளவு, பொரிக்க எண்ணெய்தான் காணாது. அதைப் பார்த்தபடி கண்ணயர்ந்தால் பனியெல்லாம் நம் குளத்துத் தண்ணீராகி ஏறுகிறது, பஸ்கள் வள்ளம்போல மிதக்கின்றன, நான் தேத்தண்ணிக் கோப்பையோடு கூரைகளுக்கு மேலால் நீந்துகிறேன். எல்லாம் உன் கடிதம் செய்த வேலை. ஒரு மாதத்து மழை இப்போது ஒரே நாளில் கொட்டுகிறது, குளக்கட்டு உடைந்தால் கீழே மீளக் குடியேறிய சனம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், அதற்குக் கோயில் மணியடித்து ஒத்திகை பார்த்தோம், சனமோ வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது என்று அழுதிருந்தாய். சனத்துக்கு விளக்கம் காணாது என்றார்களாம் உன் அனர்த்த நிவாரண அலுவலகத்தில். விளக்கம் கூடிப்போன சனம் அது, மகள். சண்டைக் காலத்தில் அந்த மணி அடித்தால் ஆமி வருகிறது, உள்ளே போ என்று அர்த்தம். போனவன்தான் பிழைத்தான்.

போன ஞாயிறு எங்கள் கட்டடத்தில் நெருப்பு மணி அலறியது, வடதுருவத்துக் கரடிகள் திடுக்கிட்டு எழுந்திருக்கும். வெள்ளைக்காரர் பூனை, கிளி, பூச்சாடி சகிதம் இறங்கிவிட்டார்கள். உன் வீரச் சித்தப்பனோ லைற்றை அணைத்து, அடையாள அட்டையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே. உங்கட மூச்சு வாசலுக்குக் கேக்குது, அடக்குங்க என்று பக்கத்தில் கிடந்த சித்தி அதட்டினாள். புகை கதவிடுக்கால் வந்தும் நாங்கள் அசையவில்லை. எங்களை வெளியே எடுத்தது மணியல்ல, முன்வீட்டு மார்க்கண்டு. ஊர் அரசியலால் லிப்ற்றில்கூட என் முகம் பாராத மனிதர், கதவை இடித்து, தியாகராசா, ஒளிச்சது காணும், நானும் கட்டிலுக்குக் கீழ இருந்துதான் எழும்பி வாறன், வெளியில வாரும் ஐசே என்றார். பேரைக் கேட்டதும் கால் தானாக எழும்பியது. பிறகு ஒரே போர்வைக்குள் நின்று, எரிந்தது யாரோ மறந்துபோன எண்ணெய்ச் சட்டி என்று அறிந்து, இரண்டு எதிரிகளும் சிரித்தோம்.

ஆகவே அரச கட்டளை: மணியைக் கைவிடு. தண்ணீர் ஏறினால் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். ஒருவரோடொருவர் கோபமாயிருப்பவரைப் பட்டியலில் அடுத்தடுத்துப் போடு, அவர்களுக்குத்தான் தொண்டை பெரிது. மாரி இறுக முன்னம் இன்னொரு ஒத்திகை வை, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. நீயும் குளக்கட்டுக்குக் கீழேதான் தனி அறையில் இருக்கிறாய். நேற்றைய கனவில் வாசல் வாசலாய் நீந்தினேன், எல்லா வாசலிலும் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். உன் வாசலில் ஒருவருமில்லை. நான் கூப்பிட வாய் திறந்தேன், பனிதான் கொட்டியது.

பிள்ளையார் உன் பக்கம் நிற்பார், சித்தியின் முத்தமும் இதற்குள் இருக்கிறது. மறக்காமல் பதிலில் எழுது: ஊரையெல்லாம் நீ எழுப்பிவிடுவாய், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப்போவது யார்? அந்தப் பேர் வரும்வரை சக்கரவர்த்திக்கு நித்திரையில்லை.

இங்ஙனம்,
உன் குரல்வளம் மிக்க சித்தப்பா,
தியாகராசா